வேட்டைக்குரிய முதுகுப்பை

வேட்டை என்றவுடன் எமது நினைவுக்கு வருவன துவக்கும் தோட்டாவும் மோப்பம் பிடிக்கும் நாயுமே. வேட்டைக்காரனின் முதுகிற் கிடக்கும் பையைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. ஆயினும், ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் புறத்திலுள்ள றொக்கி மலைச் சாரல்களில் வேட்டைக்குப் புறப்படுவோர், துவக்கைத் தெரிவுசெய்யும்போது காட்டும் அதே கவனத்தைப் பையைத் தெரிவுசெய்வதிலும் காட்டவேண்டியவராயிருக்கின்றனர். புலாலுண்ணாத குடும்பத்தவராகிய நாம் வேட்டைக்குப் பரிந்து பேச முன்வரவில்லை. ஓர் உயிரைக் கொன்றவன் அதன்பின் யாது செய்யக் கடமைப்பட்டவன் என்னும் கேள்வி இப்பையினுள் அடங்கியிருத்தலாலேயே இதனை இவ்வாரம் எடுத்துக்கொண்டோம்.

அம்மலைகளில் வேட்டையாடப்படும் விலங்குகளுள் முதன்மையானது ‘எல்க்’ எனப்படும் பெருமான். எமது காட்டு மரையிலும் பெரியது. நன்கு வளர்ந்த ஆணின் நிறை 300 கிலோவுக்கு மேலாகும். எலும்பை நீக்கி எடுத்தால், இறைச்சி மட்டும் ஏறக்குறைய 90 முதல் 110 கிலோ வரை தேறும். அது வீழ்ந்த இடத்துக்கு மோட்டார் வண்டி செல்லுமா என்றால், பல இடங்களிற் செல்லாது. பாதையே இல்லாத காடு ஒருபுறமிருக்க, 1964ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வனாந்தரச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் மோட்டார் வாகனங்களுக்கு இடமேயில்லை. குதிரை உடையவன் குதிரையில் ஏற்றுவான். மற்றவனுக்கு அவன் முதுகே வாகனம்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாதையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மூன்று மைல் உள்ளே சென்ற ஒருவன் தனியே ஓர் எல்க்கை வீழ்த்துகிறான் என வைத்துக்கொள்வோம். இறைச்சியை 25 கிலோ வீதம் நான்கு சுமைகளாகப் பிரிக்கிறான். நான்கு முறை சுமையோடு வெளியே வரவேண்டும். மூன்று முறை வெறுங்கையோடு உள்ளே திரும்பவேண்டும். ஆக ஏழு நடை, 21 மைல்! இதிற் 12 மைல் தோளிற் பாரத்தோடு, மேடு பள்ளமும் விழுந்த மரங்களும் நிறைந்த நிலத்தில் நடக்கவேண்டியது. காலையில் மூன்று மைல் உலாப் போனவனுக்கு மாலையில் வந்து சேரும் கணக்கு இது. துவக்கை உயர்த்துமுன் இதனைப் போட்டுப் பார்த்தவனே அறிவுடைய வேட்டைக்காரன்.

‘சுமக்க முடியாவிட்டாற் பாதியை விட்டுவரலாமே’ என்று சிலர் கேட்கலாம். அதற்குச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. உண்ணத்தக்க இறைச்சியை வீணே கைவிடுதல் அந்நாட்டின் மேற்கு மாநிலங்களிற் குற்றமாகும். கொலராடோவிற் கொம்புக்காகவோ தோலுக்காகவோ மட்டும் கொன்று உடலை எறிந்துவிட்டு வருதல் கடுங்குற்றமாகக் கருதப்படுகிறது. அலாஸ்காவில் அபராதத்தோடு சிறைவாசமும் கிடைக்கும். ஆதலின், பை என்பது வசதிக்குரிய பொருளாக மட்டும் நின்றுவிடாது, கடமையை நிறைவேற்றும் கருவியாகவும் அமைகின்றது.

நல்ல பையின் இலக்கணம் யாது? முதலாவது, அதற்கு முதுகெலும்பு போன்ற உறுதியான சட்டகம் இருத்தல் வேண்டும். வெறுந் துணிப்பையில் 25 கிலோவை இட்டால் அது கீழே தொய்ந்து, தோள்களைப் பின்னுக்கு இழுத்து, நடப்பவனைக் கூன வைக்கும். இவ்வுண்மையை அலாஸ்காவின் பூர்வீகக் குடிகள் முன்னரே அறிந்திருந்தனர். மரச்சலாகைகளின்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துக் கட்டிய அவர்களது சுமைதாங்கியைக் கண்ட லொயிட் நெல்சன் என்பவர், அதனைத் தழுவி மரச்சட்டகத்திற் கன்வஸ் துணியைப் பூட்டி ஒரு பையை அமைத்து, 1924இற் காப்புரிமை பெற்றார். ‘டிராப்பர் நெல்சன்’ என்ற அப்பை வேட்டைக்காரரிடையும் வனக்காவலரிடையும் நெடுங்காலம் பெயர்பெற்று விளங்கியது.

இரண்டாவது, பாரம் தோளில் இறங்காது இடுப்பில் இறங்கவேண்டும். கலிபோர்னியாவைச் சேர்ந்த டிக் கெல்டி என்பவர், தம் பையின் சட்டக நுனிகளைக் காற்சட்டையின் பின்பைகளிற் செருகியபோது தோட்சுமை சட்டெனக் குறையக் கண்டார். அதிலிருந்து பிறந்ததே இடுப்புப் பட்டி. 1952இல் அவர் அலுமினியச் சட்டகத்தோடு பைகளை விற்கத் தொடங்கினார். துணியைத் தைத்துக் கொடுத்தவர் அவர் மனைவி நீனா. இன்றைய பைகளும் இந்த நெறியையே பின்பற்றுகின்றன. நம் ஊரில் தலைச்சுமை தூக்கும் பெண்கள் கடகத்தின் கீழே சும்மாடு வைப்பதும் இத்தகைய அறிவே. பாரம் எங்கே இறங்குகிறது என்பதனை அறிந்தவனுக்கு அதே பாரம் பாதியாய்த் தோன்றும்.

மூன்றாவது, பையின் நீளம் சுமப்பவனின் உடலுக்குப் பொருந்தவேண்டும். ஆளின் உயரத்தைக் கொண்டு இதனைத் தீர்மானித்தல் தவறு. தலையைக் குனியும்போது கழுத்தடியில் முட்டித் தோன்றும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை முதுகை அளக்கவேண்டும். உயர்ந்த மனிதனுக்குக் குறுகிய முதுகும், குள்ளமானவனுக்கு நீண்ட முதுகும் அமைவதுண்டு.

இனிக் கொள்ளளவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏமாறுபவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இதுவே. பகல் வேட்டைக்கு வேண்டியவை தண்ணீர், கத்தி, கயிறு, மழையங்கி, நெற்றிவிளக்கு, திசையறி கருவி, முதலுதவிப் பொருள்கள், சிறிது உணவு ஆகியனவே. இவற்றுக்கு 30 அல்லது 40 லீற்றர் கொள்ளும் பை போதும். ஆனால் மாலையில் வரவேண்டிய மானின் தொடைக்கு அதில் இடமேது? பெரும்பை வாங்கினாலோ, வெற்றுப்பை காலை முழுவதும் புதர்களிற் சிக்கி ஓசையெழுப்பும். இவ்விரண்டுக்கும் பரிகாரமாக, சட்டகத்திலிருந்து பையைச் சற்றுத் தளர்த்தி, இரண்டுக்கும் இடையே இறைச்சியை வைத்து வார்களால் இறுக்கிக் கட்டும் அமைப்பு வந்துள்ளது. கனத்த பொருள் முதுகோடு ஒட்டி, தோட்பட்டைகளின் நடுவே நிற்கிறது. இலேசான பொருள்கள் அதன் புறத்தே போகின்றன. பாரம் முதுகை விட்டு விலக விலக அதன் இழுப்பு மிகும் என்பதனை நெம்புகோலைப் பற்றிப் படித்த எந்த மாணவனும் சொல்வான்.

இத்தகைய பை வெறுமையாகவே இரண்டு மூன்று கிலோ நிறை கொள்ளும். அதைக் கண்டு தயங்கி இலேசான பையைத் தேடுவது சிக்கனமாகாது. கடைக்குச் செல்பவன் வெற்றுப்பையை மாட்டிக் கண்ணாடியிற் பார்த்துத் திருப்தியடையாது, 20 கிலோ நிறையை அதிலிட்டு, படிகளில் ஏறி இறங்கிப் பார்க்கவேண்டும். வெறும்பையாக இருக்கையில் எந்தப் பையும் நல்ல பையே.

பையோடு சேர்த்து எண்ணவேண்டியவை மேலும் உள. இறைச்சியைப் பாழாக்குவது உடற்சூடும் ஈரமும் ஆகும். ஆதலால் தோலை விரைவில் உரித்து, காற்றுப் புகும் துணிப்பைகளில் இட்டு, நிழலில் தொங்கவிட்டு ஆறவிடுவர். பொலித்தீன் உறையிற் சூட்டோடு கட்டுதல் ஆகாது. கொம்பை முதுகிற் கட்டி வருபவன் மற்றொரு வேட்டைக்காரன் கண்ணுக்கு மானாகவே தோன்றலாம். எனவே பளிச்சிடும் செம்மஞ்சள் துணியை அதன்மேற் சுற்றவேண்டும். மொன்டானா, வயோமிங் போன்ற இடங்களில் இரத்த வாடைக்குக் கரடி வரும். அங்கே இறைச்சியைக் குடல் கிடக்கும் இடத்திலிருந்து அகற்றி, திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய வெளியான இடத்தில் வைப்பர்.

இவ்வளவையும் கூறியபின், பையினால் ஆகாத ஒன்றையும் கூறவேண்டும். எத்துணைச் சிறந்த பையும் சுமையின் நிறையில் ஒரு கிலோவையேனும் குறைக்காது. அலாஸ்காவின் ‘மூஸ்’ என்னும் மானில் 225 கிலோ இறைச்சி வரை கிடைக்கும். தன் வலிமை, துணைக்கு வந்தோர் தொகை, வெயிலின் கடுமை, பாதைக்குள்ள தூரம் ஆகியவற்றைச் சீர்தூக்கி, ‘இங்கே சுட்டால் என்னாற் கொண்டுபோக இயலாது’ என்று துவக்கைத் தாழ்த்துபவனே அக்காட்டில் மதிக்கப்படவேண்டியவன்.

அலாஸ்காவில் ஒரு விதியுண்டு. உண்ணத்தக்க இறைச்சி முழுவதும் வெளியே வந்து சேருமுன் கொம்பை எடுத்து வரலாகாது; கடைசிச் சுமையோடு வேண்டுமானாற் கொண்டுவரலாம். வீட்டுச் சுவரில் மாட்டி விருந்தினருக்குக் காட்டும் பொருள் அதுவாதலின், அதனை முதலில் தூக்கிக்கொண்டு ஓடவே மனிதமனம் விரும்பும் என்பதனை அவ்விதியை வகுத்தோர் அறிந்திருந்தனர் போலும். கடமை முழுவதும் தீர்ந்த பின்னரே பெருமைக்குரிய பொருளைத் தொடலாம் என்னும் அந்த ஒழுங்கு, வேட்டைக்காடு காணாத எமக்கும் நன்கு பொருந்தும்.