கத்தரி எடுக்க மனமில்லாதவர் கோரியாப்சிஸ் வளர்க்க வேண்டாம்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கோரியாப்சிஸ் அரசு மரியாதை பெற்ற பூ. 1991-இல் அம்மாநிலச் சட்டமன்றம் அதை மாநிலக் காட்டுப்பூவாக அறிவித்தது. நெடுஞ்சாலை ஓரங்களில் அரசே விதை தூவி வளர்க்கிறது. ஜப்பானில் நிலைமை நேர்மாறு. நீண்ட ஈட்டி போன்ற இலை கொண்ட 'லான்சியோலேட்டா' வகைக் கோரியாப்சிஸை அங்கே அனுமதியின்றி வளர்ப்பதும், விற்பதும், உயிருள்ள செடியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டுபோவதும் 2006 முதல் குற்றம். மீறினால் சிறைத் தண்டனை வரை போகலாம்.

ஒரே பூவுக்கு ஓரிடத்தில் மாலை, இன்னோரிடத்தில் விலங்கு. வீட்டுத் தோட்டத்துக்குப் புதுப் பூ தேடுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜப்பானுக்கு இந்தச் செடி 1880-களில் அழகுக்காகத்தான் போனது. எந்த மண்ணிலும் பிழைத்துக்கொள்ளும் குணத்தைப் பார்த்து, பிற்காலத்தில் சாலைச் சரிவுகளிலும் மண் அரிக்கும் மேடுகளிலும் நட்டார்கள். அங்கிருந்து விதை இறங்கி ஆற்றங்கரைகளுக்குப் போயிற்று. கூழாங்கல் திட்டுகளில் காலங்காலமாக வளர்ந்த உள்ளூர்ச் செடிகளுக்கு இடமில்லாமல் போனது. மே, ஜூன் மாதங்களில் கரையெல்லாம் மஞ்சளாகப் பூக்கும்போது அதைப் பிடுங்க மனம் வராதவர்கள் உண்டு. ஆனாலும் உள்ளாட்சி அமைப்புகள் பிடுங்கச் சொல்கின்றன. பிடுங்கியதைப் பையில் கட்டி, வெயிலில் போட்டுச் சாகடித்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும் என்றும் அறிவுறுத்துகின்றன.

கோரியாப்சிஸ் இப்படிப் பரவுவதற்கும் வீட்டில் சுலபமாக வளர்வதற்கும் காரணம் ஒன்றே: வறண்ட, சத்துக் குறைந்த மண் அதற்குப் போதும். இதை அறியாமல் அன்பு மிகுதியால் எருவைக் கொட்டுகிறவர்களின் தோட்டத்தில்தான் அது சோபிப்பதில்லை. தழைச்சத்து கூடினால் இலை மண்டும், தண்டு நீண்டு சாயும், பூ குறையும். நடும்போது ஒரு கை மட்கிய உரம் கலந்தால் போதும். ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கவே கூடாது. தேங்கினால் தண்டின் அடி அழுகிவிடும். தொட்டியில் வைப்பவர்கள் மணலைத் தாராளமாகச் சேர்த்து, அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றோட்டமில்லாமல் நெருக்கி நட்டால் இலையில் சாம்பல் நோய் படியும்.

விதைப்பில் பலர் தவறுவது ஆழத்தில். முளைப்பதற்கு வெளிச்சம் தேவைப்படும் விதை இது. மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி, பூவாளியால் தெளித்து ஈரம் காத்தால் இரண்டு மூன்று வாரங்களில் முளை தெரியும். இளம் நாற்றுக்குத்தான் ஒழுங்காகத் தண்ணீர் வேண்டும். வேர் பிடித்த செடிக்கு மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

மஞ்சள் இதழின் அடியில் செம்பழுப்பு தீற்றியிருக்கும் 'டிங்டோரியா' ஒரே பருவத்தில் பூத்து முடியும். 'கிராண்டிஃபுளோரா' சில ஆண்டுகள் நிற்கும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தூரைப் பிரித்து நட்டால்தான் வீரியம் இருக்கும். நூல் போன்ற இலையும் வெளிர்மஞ்சள் பூவும் கொண்ட 'மூன்பீம்' ரகத்தை அமெரிக்காவின் பல்லாண்டுச் செடிச் சங்கம் 1992-இல் அந்த ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாகத் தேர்ந்தெடுத்தது. அது விதை கட்டாத ரகம். கிடைக்கிற இடத்தில் அதையே வாங்குவது நல்லது.

இந்தச் செடிக்குச் செய்ய வேண்டிய உண்மையான வேலை கத்தரியில்தான் இருக்கிறது. வாடிய பூவைக் காம்போடு, கீழே உள்ள இலைக் கணு வரை வெட்டிவிட்டால், விதைக்குப் போகும் சக்தி அடுத்த மொட்டுக்குப் போகும். பூக்காலம் வாரக்கணக்கில் நீளும். ஒவ்வொன்றாக வெட்ட முடியாத அளவுக்குச் சிறுபூக்கள் நிறைந்த ரகங்களில், முதல் சுற்று ஓய்ந்ததும் செடி முழுவதையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடலாம். மறுபடி துளிர்த்துப் பூக்கும். விதையும் வேலி தாண்டாது. டிங்டோரியா பூக்களைப் புதிதாகவே பறித்துவிட்டால் துணிக்குச் சாயம் போடலாம். படிகாரம் ஏற்றிய பருத்தி, கம்பளி நூல்களில் மஞ்சளும் ஆரஞ்சும் ஏறும். சாயநீரில் காரத்தன்மை கூடினால் நிறம் சிவப்பை நோக்கித் திரும்பும்.

வட அமெரிக்காவில் வசிக்கும் தமிழர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு. அங்கே கோரியாப்சிஸ் மண்ணின் சொந்தச் செடி. இலையுதிர் காலத்தின் கடைசிப் பூக்களை வெட்டாமல் விட்டால், கோல்ட்ஃபிஞ்ச் என்னும் மஞ்சள் குருவிகள் வந்து விதை கொத்தும். அந்த உணவைக் கத்தரித்து எறிவது தவறு.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அப்படி விடக்கூடாது. முதுமலைக் காட்டில் வனத்துறை ஆள் வைத்து வேரோடு அகற்றிவரும் உண்ணிச்செடி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாகத்தான் இந்தியாவுக்கு வந்தது. நீலகிரிப் புல்வெளிகளை மூடும் மஞ்சள் பூவுள்ள ஸ்காட்ச் புரூமும் வெளிநாட்டிலிருந்து வந்ததே. மலையில் குடியிருப்பவர் வீட்டு வேலிக்கு அப்பாலேயே சோலையோ புல்வெளியோ தொடங்கிவிடக்கூடும். அங்கே லான்சியோலேட்டா போன்ற தானாக விதை தூவும் வகைகளைத் தரையில் நடாமல் தொட்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வெட்டிய தலைகளை ஓடையோரக் குப்பையில் வீசக்கூடாது.

இந்தப் பொறுப்பு முழுவதையும் வாங்குகிறவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. நாற்றங்கால்களில் விற்கும் தொட்டியின் சீட்டில் பெயரும் விலையும் மட்டுமே இருந்தால் போதாது. எந்த நாட்டுச் செடி, விதை கட்டுமா, தானாகப் பரவுமா என்ற மூன்று விவரங்களைத் தமிழில் அச்சிடச் செய்யும் வேலையைத் தோட்டக்கலைத் துறை தன் சொந்த விற்பனை நிலையங்களிலிருந்தே தொடங்கலாம்.