தழும்பு இல்லையென்றால் அடி இல்லையா?

சென்ற வாரம் ஒரு மத்தியானம், அடுத்த தெருவிலிருந்து அந்தப் பெண் ஓடி வந்தாள். புருஷன் கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதியிருக்கிறான். "ரத்தமும் வரலை, வீக்கமும் தெரியலை. போலீஸிலே எதைக்கா காட்டுவேன்?" என்று அழுதாள்.

இப்படி நினைத்தே வாயை மூடிக்கொள்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

சகோதரிகளே, சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, உடம்பில் வலி உண்டாக்கினாலே அது 'காயம்'தான். எலும்பு முறிந்தாலோ, பல் உடைந்தாலோ 'கொடுங்காயம்'. தண்டனை 7 ஆண்டு வரை போகும். கணவன் செய்யும் கொடுமைக்கென்றே 85-ஆம் பிரிவு இருக்கிறது. பழைய 498-ஏ தான் அது. 3 ஆண்டு வரை சிறை. மனநலம் பெரிதும் கெடும்படி வதைப்பதும் அதில் அடங்கும்.

ஆனாலும், கோர்ட்டில் கண்ணுக்குத் தெரிந்த காயத்துக்குப் பலம் ஜாஸ்தி. ஆகவே அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "மாடிப்படியில் விழுந்தேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்! அது பதிவேட்டில் ஏறிவிட்டால், நாளைக்கு உங்களுக்கே எதிராக நிற்கும். கன்றிப்போனது மறுநாள்தான் தெரிகிறதா? மறுபடி போய்க் காட்டுங்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள். துணைக்கு ஆளில்லையென்றால் 181-க்குப் போன் செய்யலாம்.

அவளை நானே அழைத்துப் போனேன். டாக்டரம்மா முடியை விலக்கித் தடவிப் பார்த்தார். உள்ளே வீக்கம் இருந்தது!

"யாரும்மா அடிச்சது?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல, "என் வீட்டுக்காரர்" என்றாள்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.