பழைய மர யோ-யோ விற்பனைக்கு... உண்மையிலேயே 'ரேர் பீஸ்' தானா? கண்டுபிடிப்பது எப்படி?

யோ-யோ என்றால் இப்போது நம்மில் பலருக்கு கிரிக்கெட் வீரர்களுக்கு வைக்கும் ஃபிட்னெஸ் டெஸ்ட்தான் ஞாபகம் வரும். அதற்கு முன்பே அந்தப் பெயரில் பிரபலமானது, நூலில் ஏறி இறங்கும் ஒரு மரப் பொம்மை. பழைய பொருட்களை விற்கும் வெளிநாட்டு இணையதளங்களில் இந்தப் பொம்மைக்கு இன்றும் ஒரு தனிச் சந்தை இருக்கு. 'விண்டேஜ்', 'ரேர்', '1930 மாடல்' என்று போட்டு இரண்டு மங்கலான போட்டோவோடு விற்கிறார்கள். வாங்குபவர் பொருளின் விலையோடு கப்பல் கட்டணமும் கஸ்டம்ஸ் வரியும் கட்ட வேண்டும். வந்து சேர்ந்த பிறகு அது சாதாரணப் பொம்மை என்று தெரிந்தால், திருப்பி அனுப்பும் செலவு பொம்மையின் விலையையே தாண்டிடும்.

ஆனால் அமெரிக்காவில் செய்த மர யோ-யோக்களில் ஒரு வசதி உண்டு. அதன் மேல் என்ன எழுதியிருக்கு என்பதை வைத்தே பெரும்பாலும் வயதைக் கணக்கு போட்டுவிடலாம். காரணம், 'யோ-யோ' என்ற அந்த ஒரு வார்த்தைக்காக நடந்த நீண்ட சண்டை.

யாருடைய வார்த்தை அது?

பிலிப்பைன்ஸில் இந்தப் பொம்மையைக் காலங்காலமாக யோ-யோ என்றுதான் சொல்லிவந்தார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போன பெட்ரோ ஃப்ளோரஸ், கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா நகரில் 1928-ல் யோ-யோ தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். பொம்மையை நான்தான் கண்டுபிடித்தேன் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் விற்ற பிலிப்பைன்ஸ் வகையில் ஒரு முக்கியமான வித்தியாசம் இருந்தது. நூலை நடு அச்சில் முடிச்சுப் போட்டு இறுக்காமல், அச்சைச் சுற்றி ஒரு வளையமாக மாட்டியிருப்பார்கள். அதனால் கீழே போன யோ-யோ உடனே ஏறி வராமல் அங்கேயே நின்று சுழலும். வித்தை காட்டுகிறவர்களுக்கு எல்லாமே அந்தச் சுழற்சியில்தான் இருக்கு.

அடுத்த சில ஆண்டுகளிலேயே ஃப்ளோரஸின் தொழிலையும் பெயர் உரிமையையும் டொனால்ட் டங்கன் என்ற தொழிலதிபர் வாங்கினார். 1930-களின் தொடக்கத்தில் இருந்து அமெரிக்காவில் 'யோ-யோ' டங்கனின் டிரேட்மார்க். மற்ற கம்பெனிகள் அதே பொம்மையைச் செய்யலாம், அந்தப் பெயரை மட்டும் போடக்கூடாது. அதனால்தான் போட்டியாளர்கள் 'டாப்', 'ரிட்டர்ன் டாப்' என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். யோ-யோ வித்தை காட்டிப் பிழைத்த ஜோ ரடோவன் என்ற பிலிப்பினோ தொடங்கிய நிறுவனத்தின் பெயரே 'ராயல் டாப்ஸ்'.

அந்த ராயல் மீது டங்கன் போட்ட வழக்கில்தான் கதை தலைகீழானது. 1965-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், யோ-யோ என்பது பொம்மையின் பொதுப் பெயர், அதை ஒரு கம்பெனி மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்று தீர்ப்பளித்தது. பிலிப்பைன்ஸில் அது வெறும் பொம்மையின் பெயர் என்பதும் தீர்ப்பில் இடம்பெற்றது. அதே ஆண்டில் டங்கன் நிறுவனம் திவாலானது. விளம்பரச் செலவு, பிளாஸ்டிக் போட்டி என்று வேறு அடிகளும் சேர்ந்துகொண்டன. 1968-ல் ஃப்ளாம்போ என்ற பிளாஸ்டிக் நிறுவனம் டங்கன் பெயரை வாங்கியது. இன்றும் டங்கன் அவர்கள் கையில்தான்.

இதை வைத்து எப்படிப் பார்ப்பது?

முதலில் விற்பவரிடம் இரண்டு பக்கத்தையும் நேராக, வெளிச்சத்தில் எடுத்த போட்டோ கேளுங்க. தரமாட்டேன் என்றால் அங்கேயே விட்டுடலாம்.

மர யோ-யோவில் டங்கன் பெயரும் 'யோ-யோ' என்ற சொல்லும் சேர்ந்திருந்தால், அது டங்கனின் பொற்காலத்தைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்காக அரிதானது என்று அர்த்தமில்லை. 1946 முதல் விஸ்கான்சின் மாநிலத்தில் 'லக்' என்ற சின்ன ஊரில் டங்கன் தொழிற்சாலை ஓடியது. மேப்பிள் மரத்தில் கடைந்து அங்கே இருந்து வெளியே வந்த யோ-யோக்களுக்கு அளவே இல்லை. '1950 டங்கன்' என்று யாராவது பெரிய விலை சொன்னால், நல்ல நிலையில் இருக்கும் அதே மாதிரி இன்னும் பல கிடைக்கும் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்து போட்ட பதிவுச் சின்னம் தெரியுதா? 1946-ல் வந்த அமெரிக்க டிரேட்மார்க் சட்டத்துக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்தது அது. அந்தச் சின்னத்தோடு உள்ள பீஸை '1930' என்று விற்றால் கணக்கு இடிக்கும். அட்டைப் பெட்டியோடு வந்தால் முகவரியைப் பாருங்கள். ஐந்து இலக்க ஜிப் கோடு அமெரிக்காவில் வந்தது 1963-ல். பார்கோடு இருந்தால் 1970-களுக்கு முன்னால் போகவே முடியாது. 'ஃப்ளாம்போ' என்று எழுதியிருந்தால் 1968-க்குப் பிறகு. பழைய மாடல்களைப் போலவே பின்னாளில் மரத்தில் மறுவெளியீடுகளும் வந்திருக்கின்றன. பளபளப்பு மட்டும் பார்த்து ஏமாறும் இடம் அதுதான்.

'ஃப்ளோரஸ்' என்ற பெயர் இருந்தால்?

சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது இதைத்தான். ஆனால் இதிலும் ஒரு சிக்கல். ஃப்ளோரஸ் 1950-களில் மறுபடி தன் பெயரிலேயே யோ-யோ வியாபாரத்தில் இறங்கினார். எனவே பெயர் மட்டும் இருந்தால் 1929 என்று ஆகிவிடாது. எழுத்து அச்சு மரத்துக்குள் அழுந்தியிருக்கா, மேலே ஒட்டிய தாள் படமா, ஒரே கட்டையில் கடைந்ததா, இரண்டு பாதியை நடுவில் குச்சி வைத்து ஒட்டியதா என்று எல்லாம் சேர்த்துத்தான் முடிவு செய்யணும். உறுதியான பழைய பீஸோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் உள்ள தேசிய யோ-யோ அருங்காட்சியகம் அதற்கு நல்ல இடம். 256 பவுண்டு எடையுள்ள மர யோ-யோ இருப்பதும் அங்கேதான்.

கனடாவில் விற்றதற்கு மேலே சொன்ன கணக்கு செல்லாது. அங்கே யோ-யோ என்ற டிரேட்மார்க்கைப் பயன்படுத்தியது 'சீரியோ' என்ற நிறுவனம். 'சீரியோ யோ-யோ' என்று இருந்தால் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

கத்தி வெட்டு இருந்தால் வேண்டாமா?

இங்கேதான் பலர் நல்ல பீஸைக் கோட்டை விடுகிறார்கள். கம்பெனிகள் ஊர் ஊராக அனுப்பிய பிலிப்பினோ வித்தைக்காரர்கள் கடை வாசலில் யோ-யோ ஆட்டிக் காட்டுவார்கள். வாங்கிய குழந்தையின் பொம்மையில் பேனாக்கத்தியால் பனை மரம், பறவை, குழந்தையின் பெயர் என்று அங்கேயே செதுக்கியும் கொடுப்பார்கள். அப்படிச் செதுக்கிய பழைய யோ-யோவைச் சேதம் என்று நினைத்து மலிவாக விற்பவர்களும் இருக்காங்க, மணல்காகிதம் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிப்பவர்களும் இருக்காங்க. பின்னவர்கள் செய்வது கொடுமை. செதுக்கிய கோடும் போச்சு, அச்சும் போச்சு, வயதைச் சொல்லும் பழைய பெயிண்ட்டும் போச்சு. புதுசா பெயிண்ட் அடித்த பீஸுக்கு விலை பேசும்போது கறாராக இருங்கள்.

மரத்தில் செய்தது எல்லாம் பழசு என்ற எண்ணமும் தப்பு. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த டாம் குன் என்ற பல் மருத்துவர் 1970-களில் 'நோ ஜைவ்' என்ற மர யோ-யோவைக் கொண்டு வந்தார். திருகிக் கழற்றலாம், நடு அச்சை மாற்றலாம். வயது குறைவுதான், ஆனால் விளையாடுகிறவர்கள் மத்தியில் மதிப்பு அதிகம்.

பிரபலம் வைத்திருந்ததாகச் சொன்னால்?

1974 மார்ச்சில் நாஷ்வில் நகரில் நடந்த 'கிராண்ட் ஓல் ஆப்ரி' மேடையில், பாடகர் ராய் அகஃப் அப்போதைய அமெரிக்க அதிபர் நிக்சனுக்கு யோ-யோ ஆட்டக் கற்றுக்கொடுத்தார். நிக்சன் கையெழுத்துப் போட்ட அந்த யோ-யோ, அகஃப் மறைவுக்குப் பிறகு ஏலத்தில் 16,029 டாலருக்குப் போனது. மரமோ கம்பெனியோ அந்த விலைக்குக் காரணமில்லை. கையெழுத்தும், யார் கையில் இருந்து யார் கைக்கு வந்தது என்ற தெளிவான வரலாறும்தான் காரணம். எனவே 'இன்னாருடைய யோ-யோ' என்று விற்பவர் சொன்னால் ஆதாரத்தை எழுத்தில் கேளுங்கள். காகிதம் இல்லை என்றால், அதை ஒரு பழைய மரப் பொம்மையின் விலைக்கு மட்டும் கேளுங்கள்.