பாசறையில் சமைப்பது யார்?

சென்ற கோடையில் ஒரு நாள் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர் நம்மைக் கண்டு ஒரு யோசனை கேட்டார். அவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அவருடைய மகன் பள்ளிக்கூடத்துச் சாரணர் படையில் சேர்ந்திருக்கிறான். விடுமுறையில் ஒரு வாரம் பாசறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

“அனுப்பலாமா அண்ணே?” என்றார்.

“அனுப்புவதற்கென்ன தம்பி? வெயிலுக்குப் பயமா, பாம்புக்குப் பயமா?” என்றோம்.

“அதெல்லாம் இல்லை அண்ணே. அங்கே பிள்ளைகளே முறை வைத்துச் சமைக்கிறார்களாம். எந்தத் தெருப் பிள்ளை சமைப்பானோ என்று வீட்டில் பெரியவர்கள் ஒப்பமாட்டேன் என்கிறார்கள்.”

“இன்று மத்தியானம் நீ எங்கே சாப்பிட்டாய்?”

“கம்பெனி கேண்டீனில்தான்.”

“அங்கே சமைத்தவர் எந்தத் தெரு?”

தோழர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோய்த் தலையைக் குனிந்துகொண்டார்.

வாசகர்களே! நமது ஜாதியின் யோக்கியதை இவ்வளவுதான். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பமானது முதல் ஒரகடம் வரையில் எத்தனையோ தொழிற்சாலைகள் வந்துவிட்டன. ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே வரிசையில் நின்று, ஒரே அண்டாச் சோற்றைத் தின்கிறார்கள். சமைத்தவன் குலம் என்ன, கோத்திரம் என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் வயிறு காயும், கூலியும் போகும். ஆகவே, நஷ்டம் வரும் இடத்தில் ஜாதி வாய் திறப்பதில்லை. நஷ்டமில்லாத இடத்தில்தான் அது வீரம் பேசுகிறது. அந்த வீரத்தை 12 வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது என்ன நியாயம்?

நிற்க, இந்தப் பாசறை என்பது என்ன? 1907ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்திலுள்ள பிரவுன்சீ என்னும் தீவில் பேடன் பவல் என்பவர் சுமார் 20 சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாரம் தங்கினார். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளும் தொழிலாளிகளின் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தார்கள். பிரபுவின் மகனும் கூலிக்காரன் மகனும் ஒரே கூடாரத்தில் படுக்க முடியுமா என்பதே அந்தப் பரீட்சையின் முக்கிய அம்சம். முடியும் என்று பிள்ளைகள் காட்டிவிட்டார்கள்.

ஆனால் 1909இல் அந்த இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது வெள்ளையர், ஆங்கிலோ-இந்தியர் பிள்ளைகளுக்கு மட்டுமே அதில் இடமிருந்தது. நம் பிள்ளைகளுக்கு இடமில்லை என்றதும் நமக்கு ரோஷம் வந்தது. அன்னிபெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் கண்டார். வெள்ளைக்காரன் நம்மைத் தள்ளிவைத்தால் அது அக்கிரமம், சரிதான். நாம் பக்கத்துத் தெருப் பிள்ளையைத் தள்ளிவைத்தால் அது மட்டும் ஆசாரமா?

இந்தச் சாப்பாட்டு வியாதி புதிதல்ல. சேரன்மாதேவி குருகுலத்தில் பொதுப் பணத்தை வாங்கிக்கொண்டு பார்ப்பனப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனிச் சாப்பாடு போட்டதால் 1925இல் நாடே கொதித்தது. அது பழைய கதை என்பீர்களானால், 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட வகுப்பு அம்மையார் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தபோது, கூடாதென்று ஊரார் திரண்டு தடுத்தார்களே, அது எந்தக் காலத்துக் கதை? அன்று தடுத்தவர் பார்ப்பனரல்லர். வியாதி மேலிருந்து கீழே இறங்கி நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதுதான் யோக்கியமாகும்.

பாசறையில் பிள்ளைகள் கயிறு கொண்டு முடிச்சுப் போடக் கற்கிறார்கள். அந்த முடிச்சால் கூடாரம் நிற்கும். காயத்துக் கட்டு நிற்கும். கிணற்றில் விழுந்தவனைத் தூக்கவும் ஆகும். கழுத்தில் கட்டும் துணியை அவிழ்த்தால் ஒடிந்த கையைத் தாங்கும் தொட்டிலாகும். ஆனால் நம் பள்ளிக்கூடங்களில் வேறொரு கயிறும் இருக்கிறது. அது ஜாதிக்கொரு நிறமாய் மணிக்கட்டில் கட்டுவது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு, நீதிபதி சந்துரு அவர்களின் குழு அந்தக் கயிறுகளைத் தடுக்க வேண்டுமென்று 2024இல் அறிக்கை கொடுத்தது. எந்தக் கயிறு உயிரைக் காக்கும், எந்தக் கயிறு உயிரை வாங்கும் என்பதைப் பெற்றோர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

பாசறை என்றாலே சமத்துவம் வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. சாரணர் உறுதிமொழியில் கடவுளுக்குக் கடமை என்பது முதலில் நிற்கிறது. சக மனிதன் பிறகுதான் வருகிறான். இது நமக்குச் சம்மதமில்லை. ஆயினும், அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வாரத்துப் படிப்பை உதற வேண்டியதில்லை. 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் மைதானத்தில் நடந்த பெருந்திரளணியில் பல மாகாணத்துப் பிள்ளைகள் கூடாரமடித்து ஒன்றாய்த் தங்கினார்கள். ஆகாயம் இடிந்து விழுந்துவிடவில்லை.

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் சொல்வது: பிள்ளைகளை அனுப்புங்கள், பெண் பிள்ளைகளையும் சாரணியர் பாசறைக்கு அனுப்புங்கள். அனுப்புவதோடு நில்லாமல் விசாரியுங்கள். சமையல் முறை எல்லாப் பிள்ளைக்கும் வருகிறதா? தண்ணீர்ப் பானையை எல்லாரும் தொடுகிறார்களா? மலக்குழி வெட்டும் முறை எல்லாருக்கும் சமமாய் வருகிறதா, அல்லது குறிப்பிட்ட தெருப் பிள்ளைகளுக்கே வருகிறதா? கடைசிக் கேள்வியை மறக்கவே கூடாது. சமையலில் சமத்துவம் காட்டிவிட்டு மண்வெட்டியில் ஜாதி காட்டும் ஆசிரியர்களும் உண்டு.

பையன் பாசறைக்குப் போய் வந்தான். ஏழு நாளில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டானாம். யாரிடம் கற்றாய் என்று வீட்டில் கேட்டதற்கு, “எங்க அணியில எல்லாரும் சேர்ந்துதான் வைச்சோம்” என்றானாம். பெரியவர்கள் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு குடித்தார்கள் என்று தோழர் சொன்னார். பிள்ளை ஏழு நாளில் கற்றதைப் பெரியவர்கள் கற்க எத்தனை தலைமுறை வேண்டும்?