மரமாக நின்ற பிள்ளை



போன வாரம் பேத்தியின் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போயிருந்தேன். அவள் வகுப்பு போட்ட நாடகம் பூஞ்சையைப் பற்றியது. ஊறுகாய் மேல் படிகிறதே, அந்தப் பூசணம்தான். இதில் என்ன நாடகம் இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

ராஜா இல்லை, ராணி இல்லை. இரண்டு பிள்ளைகள் மரம். மற்ற எல்லோரும் வெள்ளை நூலைப் பிடித்தபடி மேடை முழுக்கப் படர்ந்தார்கள். மரம் சர்க்கரை கொடுத்தது. நூல் தண்ணீரையும் பாஸ்பரஸையும் வேருக்குக் கொண்டுவந்தது. கடைசியில் மழைச் சத்தம். ஒரு சின்னப் பையன் குடையை விரித்துக்கொண்டு எழுந்தான். காளான்! நாம் பார்க்கும் காளான் மாங்காய் மாதிரி; உடம்பு மண்ணுக்குள் நூல் நூலாகக் கிடக்கிறது. சாக்பீஸ் தேயத் தேய நான் நடத்திய பாடம், பத்து நிமிஷத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

நான் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது பூஞ்சையைத் தாவரத்தோடு சேர்த்தே சொல்லித்தந்தார்கள். 1969-லேயே விட்டேக்கர் என்ற அறிஞர் அதைத் தனி உலகமாகப் பிரித்துவிட்டார். எனக்குத் தெரிந்தது பிறகுதான்.

ஒரே ஒரு குறை. தாய்மரம் நூல் வழியாகக் குட்டிமரத்துக்குச் சோறூட்டுவதாகக் காட்டினார்கள். கனடாவில் சுசான் சிமார்ட் 1997-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரு மரத்தின் கார்பன் இன்னொரு மரத்துக்குப் போவதைச் சொன்னது உண்மை. ஆனால் காட்டுக்குள் அது பூஞ்சை நூல் வழியாகத்தான் போகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2023-ல் வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள். 'இது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது' என்று ஒரு வசனம் சேர்த்திருக்கலாம்.

இப்போது என் குறைக்கு வருகிறேன். சில வருஷம் முன்பு மாதவரம் ரவுண்டானா பக்கத்தில் ஒரு பழைய மாணவன் வண்டியை நிறுத்தினான். "டீச்சர், உங்க நாடகத்துல மூணு வருஷமும் நான்தான் மரம்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு வரவில்லை. அவனுக்குத் திக்குவாய். அவன் மேடையில் திணறக் கூடாதே என்றுதான் மரமாக்கினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பரிசு போய்விடக் கூடாதே என்ற பயம்தான்.

பேத்தியின் நாடகத்தில் மரத்துக்கும் வசனம் இருந்தது. பேசத் தயங்கும் பிள்ளையின் கையிலும் நூல் இருந்தது. அவன் விட்டால் நாடகமே அறுந்துபோகும்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் போட்டி என்றாலே நன்றாகப் பேசுகிற நாலு பிள்ளைகளைத்தான் நம் கண் தேடும். ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, போட்டிக்கு ஒரு நாடகம் போடுங்கள். வகுப்பே மேடையேறும் நாடகம் ஒன்றும் வருஷத்துக்கு ஒருமுறை போடுங்கள். பரிசு வேண்டாம்.

மரமாக நின்ற தம்பி இதைப் படித்தால், டீச்சரை மன்னித்துவிடு. ஒருநாள் குடும்பத்தோடு வீட்டுக்கு வாப்பா.

உங்கள் டீச்சர்,
மாதவரம்