கை அசைந்தால் கணக்கு தப்பும்

டாக்டரின் அறையில் 150 காட்டும் ரத்த அழுத்தம், வீடு திரும்பியதும் 125-க்கு இறங்கிவிடுவது சிலருக்கு வாடிக்கை. வேறு சிலருக்கு நேர் எதிர். மருத்துவமனையில் சாதுவாக இருந்துவிட்டு, இரவில் ஏறும். யாருக்கு மாத்திரை தேவை என்று கண்டுபிடிக்க உதவுவது, கையில் பட்டையும் இடுப்பில் கருவியுமாக 24 மணி நேரம் நடக்கும் பரிசோதனை.

ஆனால் அது தரும் எல்லா எண்களும் உண்மை பேசுவதில்லை. ரத்தக் குழாயின் துடிப்பு பட்டைக்குள் இருக்கும் காற்றில் உண்டாக்கும் மெல்லிய அதிர்வைத்தான் கருவி அளக்கிறது. ஸ்கூட்டர் குலுங்கினாலும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கினாலும் அந்த அதிர்வில் குழப்பம். இதயம் தாறுமாறாகத் துடிப்பவர்களிடமும் கருவி தடுமாறும். பருத்த கையில் சிறிய பட்டை கட்டினால் எல்லா அளவுகளுமே கூடுதலாகத் தெரியும்.

சந்தேகமான எண்ணைக் கண்டதும் அடித்துவிடத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. மேல் அளவைவிடக் கீழ் அளவு அதிகம் என்பதுபோல, உடம்பில் நடக்கவே முடியாததை மட்டும் நீக்கலாம். அதிகமாக இருக்கிறது என்பதற்காகவே ஒன்றை நீக்கக் கூடாது. அந்த நேரத்தில் அழுத்தம் நிஜமாகவே ஏறியிருக்கலாம். தவிர, ஒரு எண்ணால் பெரிதாக எதுவும் மாறாது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் 16 மணி நேரப் பகலில் 48 அளவுகள். அதில் ஒன்று 60 புள்ளி தவறினாலும் சராசரி நகர்வது ஒன்றேகால் புள்ளிதான். டாக்டர்கள் பார்ப்பதும் சராசரியைத்தான். 24 மணி நேரத்துக்கு 130/80, பகலில் 135/85, இரவில் 120/70. இதைத் தொட்டால் உயர் ரத்த அழுத்தம்.

தவறான எண்ணைவிடக் கவலை தருவது, காணாமல் போகும் எண். எடுக்க வேண்டிய அளவுகளில் 70 சதவீதமாவது தேற வேண்டும், பகலில் குறைந்தது 20, இரவில் 7 இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கம். குறைந்தால் பரிசோதனையை மறுபடி செய்வதே சரி. தூக்கம் கெடுகிறது என்று நள்ளிரவில் பட்டையைக் கழற்றி வைப்பவர்கள் இழப்பது, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் முன்கூட்டி எச்சரிப்பதில் பகல் அளவுகளை மிஞ்சும் இரவு அளவுகளை.

தூங்கிய நேரம், எழுந்த நேரம், மாத்திரை போட்ட நேரம் ஆகியவற்றைக் குறித்து வைப்பதும் அவசியம். நைட் டியூட்டி பார்க்கும் காவலாளிக்குப் பகல்தான் இரவு. குறிப்பு இல்லாவிட்டால் கருவிக்கு அது தெரியாது.

பட்டை இறுகும்போது கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டியது சுமார் ஒரு நிமிடம். தவறான சராசரியை நம்பி மாத்திரை சாப்பிட நேர்ந்தால், அது ஆயுள் முழுக்க.