கூரையைத் தூக்கியது வாயு பகவானா?

தென்னேரி ஏரிக்கரையில் நின்று பாருங்கள்! தடையின்றி ஓடிவரும் காற்று தகரக் கூரைகளைத் தடதடக்க வைக்கும். கூரை பறந்தால் தறி நனையும், பாவு பாழாகும். "வாயு பகவானின் கோபம்" என்பார் புராணப் பண்டிதர். நாம் கேட்கிறோம்: கோபம் குடிசைமீது மட்டுந்தானா? மாளிகைமீது இல்லையா?

விஞ்ஞானம் விடை பகர்கிறது. விளிம்பில் மோதிப் பிரியும் காற்று, கூரைக்கு மேலே அழுத்தத்தைக் குறைக்கிறது. கூரை மேல்நோக்கி இழுபடுகிறது. வேகம் 2 மடங்கானால் விசை 4 மடங்கு! மாளிகையைக் கனம் காக்கிறது; தகரத்துக்கோ பிணைப்பே துணை. மூலையும் விளிம்புமே அதிகம் இழுபடுவதால், அங்கேதான் ஆணி நெருங்கவேண்டும்.

சென்னை தரமணியில், கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், காற்றுச் சுரங்கத்திலே மாதிரிக் கட்டடங்களை நிறுத்தி இந்த விசைகளை அளக்கிறது. பெருமைதான்! ஆனால் 2016 வர்தாவிலும் 2018 கஜாவிலும் கூரையிழந்த ஏழைகளின் வாசலுக்கு அந்த அறிவு வந்து சேர்ந்திருந்ததா? விமானத்துக்கு இறக்கை வகுக்கும் கணக்கு, ஏழையின் கூரைக்கு ஆணி வகுத்துத் தரக்கூடாதா?

யாகம் வேண்டாம். ஆய்வுக்கூடத்து உண்மை, எளிய தமிழில், படத்தோடு, ஊராட்சிதோறும் வரட்டும். வீடு கட்ட உதவும் அரசு, பிணைப்புக்கும் பணம் ஒதுக்கட்டும்.

காற்றைக் கும்பிட்டது போதும்; கணக்கிடக் கற்போம்!